சிமெண்ட் மூட்டை சொல்லும் கணக்கு

ஒரு கம்பெனி நல்ல லாபம் சம்பாதித்தால் அதன் முதலாளி கெட்டிக்காரர் என்று ஊர் சொல்கிறது. நஷ்டப்பட்டால் நிர்வாகம் சரியில்லை என்கிறது. இரண்டிலும் பாதி உண்மைதான். மறுபாதி கம்பெனியின் கேட்டுக்கு வெளியே இருக்கிறது. அதே சரக்கை விற்பவர்கள் எத்தனை பேர்? புதிதாக ஒருவர் அந்தத் தொழிலில் இறங்க நினைத்தால் முடியுமா? வாங்குகிறவருக்கு வேறு வழி உண்டா? கெட்டிக்காரத்தனத்தை விட இந்த மூன்று கேள்விகளே பல தொழில்களில் லாபத்தை நிர்ணயிக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரப் புத்தகம் வேண்டியதில்லை. கழக்கூட்டத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாலே போதும்.

டீக்கடையும் டெக்னோபார்க்கும்

டெக்னோபார்க் 1990-ல் தொடங்கப்பட்டது. நாட்டிலேயே முதலாவது தொழில்நுட்பப் பூங்கா என்று பெயர் பெற்றது. அதற்குப் பிறகு கழக்கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. பூங்காவின் வாசல்களுக்கு வெளியே டீக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக முளைத்தன. ஒரு டீக்கடை வைக்கப் பெரிய முதல் வேண்டாம். அடுப்பும், பாலும், காலையில் எழுந்திருக்கிற உடம்பும் இருந்தால் போதும். அதனால்தான் அந்தத் தொழிலில் லாபம் மெலிந்தே இருக்கிறது. ஒரு கடைக்காரர் மட்டும் டீக்கு இரண்டு ரூபாய் கூட்டினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எல்லாக் கடைக்கும் நல்ல வரும்படி என்று தெரிந்தால் மறுமாதமே இன்னொரு கடை வந்துவிடும். உழைப்புக்குக் கூலி கிடைக்கும். அதற்கு மேல் மிஞ்சுவது அபூர்வம்.

வாசலுக்கு உள்ளே இருப்பதும் ஒரு வகையில் இதே கதைதான். நானூறுக்கு மேற்பட்ட கம்பெனிகள் அங்கே இயங்குகின்றன. சில கம்ப்யூட்டர்களும், நாலைந்து படித்த இளைஞர்களும், ஒரு வெளிநாட்டு ஆர்டரும் இருந்தால் சிறிய கம்பெனி ஒன்றைத் தொடங்கிவிடலாம். எல்லாரும் செய்யக்கூடிய வேலையைச் செய்யும் கம்பெனி, விலையைக் குறைத்தே ஆர்டர் பிடிக்க வேண்டியிருக்கிறது. அங்கேயே 1997-ல் தொடங்கிய ஐ.பி.எஸ். நிறுவனம் வேறு வழியில் சென்றது. விமானக் கம்பெனிகளுக்கென்றே தனி மென்பொருள் தயாரிப்பதில் இறங்கியது. ஒரு விமானக் கம்பெனி தன் நிர்வாகத்தையே ஒரு மென்பொருளின் மேல் ஏற்றிவிட்டால், அடுத்த வருஷம் சில டாலர் குறைவு என்பதற்காக அதை மாற்றிவிடாது. போட்டியின் நெருக்கடியிலிருந்து தப்ப இது ஒரு வழி. மற்றவர்களிடம் இல்லாத சரக்கை வைத்திருப்பது நியாயமான வழியும் கூட.

இன்னொரு வழியும் உண்டு. சரக்கு எல்லாருடையதும் ஒன்றாகவே இருக்கும். விற்பவர்கள் மட்டும் சிலராக இருப்பார்கள். டெக்னோபார்க் கட்டிடங்களையும், சுற்றிலும் எழுந்த அடுக்குமாடிகளையும், 2022-ல் திறக்கப்பட்ட கழக்கூட்டம் மேம்பாலச் சாலையையும் தாங்கி நிற்கும் சிமெண்ட் அப்படிப்பட்ட சரக்கு.

மூட்டையின் குணம்

சிமெண்டைப் பற்றிக் கட்டிடத் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 50 கிலோ மூட்டை. ஒரே தரமுள்ள இரண்டு கம்பெனி மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினால் எது யாருடையது என்று கொத்தனாரே சொல்லத் திணறுவார். நெடுநாள் வைத்தால் ஈரம் பட்டு இறுகிப்போகும். ஆகவே பதுக்கி வைத்து விற்கவும் முடியாது. கனமான சரக்கு, விலையோ குறைவு. ஆகவே தொலைதூரம் கொண்டுபோனால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். திருவனந்தபுரத்துக்கு ராஜஸ்தான் சிமெண்ட் போட்டிக்கு வராது. தாழையூத்தும், ஆலங்குளமும், ராஜபாளையம் பக்கத்து ஆலைகளும், அரியலூரும்தான் வர முடியும்.

கேரளத்தில் சுண்ணாம்புக்கல் அதிகம் இல்லை. வாளையாறில் கேரள அரசின் மலபார் சிமெண்ட்ஸ் 1984-ல் உற்பத்தியைத் தொடங்கியது. மாநிலத்தின் தேவையில் பத்தில் ஒரு பங்கைக் கூட அதனால் நிறைவேற்ற முடியவில்லை. மீதி ஏறக்குறைய முழுவதும் வெளியிலிருந்து வருகிறது.

ஆலை வைப்பது டீக்கடை வைப்பதைப் போல அல்ல. சுரங்கக் குத்தகை வேண்டும், மின்சாரம் வேண்டும், பல நூறு கோடி ரூபாய் முதல் வேண்டும். போட்ட முதலுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். சூளையை அணைத்து வைத்தாலும் வட்டி அணையாது. இந்த ஒரு காரணத்தால் சிமெண்ட் முதலாளிகள் முன் எப்போதும் இரண்டு பாதைகள் இருந்து வந்திருக்கின்றன. ஒன்று, சூளை ஓடினால் போதும் என்று விலையை வெட்டிச் சண்டையிடுவது. மற்றது, சண்டை வேண்டாம் என்று ஒத்துப்போவது.

சண்டையும் சமாதானமும்

இந்தியாவில் இரண்டுமே நடந்திருக்கின்றன. முதல் உலக யுத்த காலத்தில் வெளிநாட்டு சிமெண்ட் வருவது குறைந்தது. 1914-ல் போர்பந்தரில் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை உள்பட உள்நாட்டு ஆலைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. அந்த லாபத்தைப் பார்த்துப் பலர் ஆலை வைத்தார்கள். யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில் தேவையை விட உற்பத்தி பெருகியது. அடக்க விலைக்கும் கீழே விற்கும் நிலை வந்தது. சில கம்பெனிகள் மூடிப் போயின.

அடிபட்டவர்கள் பாடம் படித்தார்கள். 1920-களின் நடுவில் உற்பத்தியாளர் சங்கம் ஒன்று அமைந்தது. 1930-ல் விற்பனைக்கென்று பொதுவான கம்பெனி ஒன்று வந்தது. கடைசியில் 1936-ல் பத்துக் கம்பெனிகள் ஒன்றாகிப் பிறந்ததுதான் ஏ.சி.சி. கோயமுத்தூருக்கு அருகே மதுக்கரையில் உள்ள ஆலையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பத்துப் பேர் ஒருவரானதும் விலைச் சண்டை ஓய்ந்தது.

ஆனால் லாபம் நிறைந்த இடத்துக்கு ஆள் வராமல் இருக்குமா? டால்மியா குழுமம் களத்தில் இறங்கியது. திருச்சி மாவட்டத்தில் டால்மியாபுரம் ஆலை 1939-ல் வந்தது. மறுபடி விலைச் சண்டை மூண்டது. சில ஆண்டுகளில் இரு தரப்பும் விற்பனையில் உடன்பாட்டுக்கு வந்தன. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் சிமெண்ட் தயாரிக்கும் விதம் தலைகீழாக மாறிவிடவில்லை. முதலாளிகளின் மூளையும் மாறிவிடவில்லை. மாறியது சந்தையில் நின்றவர்களின் எண்ணிக்கையும் அவர்களுக்குள் இருந்த உறவும்தான். அதற்கேற்ப லாபமும் ஏறி இறங்கியது.

பர்மிட் காலம்

இரண்டாவது யுத்த காலத்தில் சிமெண்ட் சர்க்காரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. விலையும் வினியோகமும் சர்க்கார் சொன்னபடி. சுதந்திரத்துக்குப் பிறகும் அது பல பத்தாண்டுகள் நீடித்தது. வீடு கட்டப் பர்மிட்டுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறியவர்கள் அந்தக் காலத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஆலைக்குக் கட்டுப்பாடான விலைதான் கிடைத்தது. அந்த லாபத்துக்குப் புதிய ஆலை வைக்க அதிகம் பேர் முன்வரவில்லை. பற்றாக்குறை நீடித்தது.

அப்படியானால் கொள்ளை லாபம் ஒழிந்ததா? ஒழியவில்லை, இடம் மாறியது. ஆலை முதலாளிக்குப் போயிருக்க வேண்டியது, பர்மிட் வைத்திருந்தவனுக்கும் கள்ள மார்க்கெட்காரனுக்கும் போனது. மகாராஷ்டிர முதலமைச்சராக இருந்த அந்துலே 1982 ஜனவரியில் பதவி விலக நேர்ந்ததும் சிமெண்ட் கோட்டாவால்தான். அறக்கட்டளைக்கு நன்கொடை தந்த கட்டிடக் கம்பெனிகளுக்குக் கோட்டா கிடைத்தது என்ற வழக்கில் பம்பாய் ஹைகோர்ட்டின் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்திருந்தது.

1982 பிப்ரவரி 28-ந் தேதி கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. ஆலைகள் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கை வெளிச்சந்தையில் விற்கலாம் என்றானது. 1989 மார்ச் 1-ந் தேதி முழுவதும் நீங்கியது. புதிய ஆலைகள் பெருகின. பர்மிட் கியூ மறைந்தது. சிமெண்ட் கடைக்காரர் வாங்குகிறவரைக் கூப்பிட்டுக் கடன் கொடுக்கும் காலம் வந்தது. போட்டி செய்த நன்மை இது. மறுப்பதற்கில்லை.

பெரிய மீன்

போட்டி நீடித்தால் லாபம் மெலியும். லாபம் மெலிந்தால் பலவீனமான கம்பெனி விலைக்கு வரும். 1998-ல் இந்தியா சிமெண்ட்ஸ் ஆந்திரத்து ராசி சிமெண்ட்ஸை வாங்கியது. 2004-ல் லார்சன் அண்டு டூப்ரோவின் சிமெண்ட் தொழில் பிர்லா குழுமத்தின் கைக்குப் போய் அல்ட்ராடெக் ஆனது. 2022-ல் ஏ.சி.சி.யும் அம்புஜாவும் அதானி குழுமத்தின் வசமாயின. 2024-ல் தெற்கே ஆலைகள் வைத்திருந்த பென்னா சிமெண்டும் அதே குழுமத்துக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில், ஒரு காலத்தில் ராசியை வாங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், தானே அல்ட்ராடெக்கின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1949-ல் தாழையூத்தில் புகைபோக்கியை உயர்த்திய கம்பெனி அது.

பெரிய கம்பெனியானால் மின்சாரமும், கரியும், லாரி வாடகையும் சிக்கனமாகும் என்று சொல்கிறார்கள். அது உண்மையே. தெற்கே தேவையை விட ஆலைகள் அதிகம், பல சூளைகள் பாதித் திறனில் ஓடுகின்றன என்பதும் உண்மையே. ஆனால் மிச்சமாகும் காசு யாருக்குப் போகும்? போட்டி இருந்தால் விலைக் குறைவாக வாங்குகிறவருக்கு வரும். போட்டி இல்லாவிட்டால் கம்பெனியின் கணக்கிலேயே தங்கிவிடும். சிமெண்டுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்தக் குறைப்பில் எவ்வளவு வீடு கட்டுகிறவரிடம் நிலைத்து நிற்கும் என்பதும் இதே கேள்வியைப் பொறுத்ததுதான்.

பேசிக்கொண்டார்களா?

சிலரே விற்கும் சந்தையில் எழும் பெரிய சந்தேகம் இது. 2010-ல் கட்டிட காண்டிராக்டர்களின் அகில இந்திய சங்கம் போட்டி கமிஷனிடம் புகார் செய்தது. சிமெண்ட் கம்பெனிகள் ஒன்று கூடி உற்பத்தியை அடக்கி விலையை ஏற்றுகின்றன என்பது புகார். 2012 ஜூன் 20-ந் தேதி கமிஷன் தீர்ப்பளித்தது. சிமெண்ட் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் முன்னணிக் கம்பெனிகளுக்கும் சேர்த்து ரூ. 6,300 கோடி அளவுக்கு அபராதம் விதித்தது. தென்னாட்டுக் கம்பெனிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் கிடைக்கவில்லை. விலைகள் ஒன்றாக ஏறியது, திறன் இருந்தும் உற்பத்தி குறைந்தது, சங்கத்தில் விலை விவரங்கள் பரிமாறப்பட்டது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே கமிஷன் முடிவுக்கு வந்தது.

கம்பெனிகள் குற்றச்சாட்டை மறுத்தன. விலை ஒன்றாக ஏறுவது மட்டுமே சதிக்குச் சாட்சியாகாது என்பது அவற்றின் வாதம். விசாரணையைக் கேட்காதவர் தீர்ப்பில் கையெழுத்திட்டார் என்ற காரணத்தால் 2015-ல் மேல்முறையீட்டு மன்றம் உத்தரவை ரத்து செய்தது. 2016-ல் கமிஷன் மறுபடி விசாரித்து மறுபடி அபராதம் விதித்தது. 2018 ஜூலையில் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டு மன்றம் அதை உறுதி செய்தது. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. அபராதத்தில் பத்து சதவீதத்தைக் கட்டும்படி சொல்லி அப்பீலைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. புகார் கொடுத்த நாளிலிருந்து எட்டு ஆண்டுகள் இப்படியே போயின. அதற்குள் கழக்கூட்டத்தில் எத்தனை கட்டிடங்கள் எழுந்து குடியும் வந்திருக்கும்!

கம்பெனிகளின் வாதத்தில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. சிலரே இருக்கும் சந்தையில் கூடிப் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். ஒருவர் விலையை ஏற்றினால் மற்றவர் பார்த்துக்கொண்டே ஏற்றுவார்.

டெலிபோன் சந்தை இதற்கு நல்ல உதாரணம். ஒரு காலத்தில் பத்துக் கம்பெனிகளுக்கு மேல் போட்டியிட்டன. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பலரிடம் ஏர்செல் சிம் இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து விலையைத் தரைமட்டமாக்கியது. வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். 2018-ல் ஏர்செல் திவாலானது. அதே ஆண்டு வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. மூன்று தனியார் கம்பெனிகளும் பி.எஸ்.என்.எல்.லும் மிஞ்சின. 2024 ஜூன் கடைசியில் மூன்று தனியார் கம்பெனிகளும் இரண்டு நாட்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டண உயர்வை அறிவித்தன. பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை ஏறியது. இதில் சதி இருந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. சட்டப்படி குற்றமும் இல்லை. ஆனால் பத்துப் பேர் இருந்த காலத்தில் இப்படி ஏற்ற ஒருவருக்கும் தைரியம் வந்திருக்காது. அந்தச் சமயத்தில் பலர் எண்ணை மாற்றிக்கொண்டு பி.எஸ்.என்.எல்.லுக்குப் போனார்கள். வேறொரு கதவு திறந்திருந்ததால் போக முடிந்தது.

கூலிக்கும் இதே விதி

தொழிலாளி விற்பது உழைப்பு. அதற்கும் சந்தை உண்டு. ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி 2022-23-ல் கேரளத்தில் கட்டிடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி ரூ. 850-க்குச் சற்று மேல். அகில இந்திய சராசரி ரூ. 393. ஆட்கள் வளைகுடாவுக்குப் போனார்கள்; இருந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள்; வேலை கொடுப்பவர்கள் ஆளுக்குப் போட்டியிட்டார்கள். தென் மாவட்டத் தமிழர்களை மலை தாண்டி இழுத்தது இந்த வித்தியாசம்தான். பிறகு வங்காளத்திலிருந்தும், அஸ்ஸாமிலிருந்தும், ஒரிசாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். காலையில் ஜங்ஷனில் நிற்கும் சித்தாளுக்குப் பக்கத்தில் இன்று பலர் நிற்கிறார்கள். கூலி பேசும் பலம் குறைந்திருக்கிறது. மார்பிள், டைல்ஸ், பிளம்பிங் என்று கை தேர்ந்தவருக்கு மட்டும் கிராக்கி நிற்கிறது.

ஏகபோகம் தொழிலாளர் பக்கமும் வரலாம். சரக்கை இறக்காமல் பார்த்து நின்றதற்கே கேட்கப்பட்ட நோக்குகூலியைக் கேரள சர்க்கார் 2018 மே 1 முதல் ஒழித்தது சரியே. அதே அளவுகோல் மூட்டையை இறக்கியவனுக்கு மட்டும் இருந்து, மூட்டைக்கு விலை வைப்பவனுக்கு இல்லாமல் போகக் கூடாது.

ஊரில் 600 சதுர அடியில் ஒரு வீடு கட்ட சுமார் 240 மூட்டை வேண்டும். மூட்டைக்கு 30 ரூபாய் ஏறினால் 7,200 ரூபாய் போய்விடும். கேரளக் கூலிக் கணக்கிலேயே எட்டு நாள் வேலைக்கு மேல். வீட்டை விட்டு வந்து எட்டு நாள் சாரம் ஏறிச் சம்பாதித்தது, எங்கோ சந்தையில் ஆட்கள் குறைந்துபோனதற்காகக் கரைகிறது.

செய்ய வேண்டியவை

பழைய பர்மிட் முறைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விலையைச் சர்க்கார் எழுதி வைத்தால் கள்ள மார்க்கெட்தான் வளரும் என்பதை நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. சந்தையின் கதவைத் திறந்து வைப்பதே வழி.

முதலாவது, ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்க அனுமதி கேட்டால், அகில இந்தியக் கணக்கை மட்டும் பார்த்துப் போட்டி கமிஷன் திருப்தியடையக் கூடாது. சிமெண்ட் தொலைதூரம் போகாத சரக்கு. திருவனந்தபுரத்துக்கு லாரி வாடகை கட்டுப்படியாகும் தூரத்தில் எத்தனை முதலாளிகள் மிஞ்சுவார்கள் என்பதே கேள்வி.

இரண்டாவது, விலை உடன்பாடு பற்றிய வழக்குகளுக்குக் காலக்கெடு வேண்டும். பத்தாண்டுகள் கழித்துக் கட்டும் அபராதம் யாரையும் பயமுறுத்தாது.

மூன்றாவது, அரசு ஆலைகளை ஒழுங்காக நடத்த வேண்டும். தமிழ்நாட்டில் டான்செம் இருக்கிறது. 2014-ல் மூட்டை 190 ரூபாய்க்கு அம்மா சிமெண்ட் அறிவிக்கப்பட்டது. 2021-ல் வலிமை சிமெண்ட் வந்தது. கேரளத்தில் மலபார் சிமெண்ட்ஸ் இருக்கிறது. இவை சந்தை முழுவதையும் பிடிக்க வேண்டியதில்லை. தனியார் விலை அளவு மீறும்போது வாங்குகிறவர் போவதற்கு ஒரு கதவாக இருந்தால் போதும். ஆனால் நஷ்டத்தில் தள்ளாடும் ஆலை கதவாக இருக்க முடியாது. இரு மாநில சர்க்கார்களும் கட்சி வேறுபாடின்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

லாபம் பாவமல்ல. நல்ல சரக்கைச் சிக்கனமாகத் தயாரித்தவனுக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். கழக்கூட்டத்தில் லாரியிலிருந்து இறங்கும் மூட்டையின் விலையில் சுண்ணாம்புக்கல்லுக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு, போட்டி இல்லாமைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும் உரிமை அதைச் சுமப்பவனுக்கும் உண்டு. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு போட்டி கமிஷனுக்கும், இரு மாநில சர்க்கார்களுக்கும் இருக்கிறது.